கண்டிக்காரி வைத்த செண்பகம்

கோகிலாம்பாள் என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயா. பெற்றவர்களுக்கே அந்தப் பெயர் முழுசாக வாயில் நுழையவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாரும் கோகிலம் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வயசுக்கு மேல் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, புருஷனுடைய பூர்வீக ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஊர் அவளுக்கு வேறொரு பெயர் வைத்தது. கண்டிக்காரி.

அது எண்பத்திரண்டாம் வருஷம். எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக் காடுகளுக்கு ஊடே நடந்து போக வேண்டிய சின்ன ஊர். புருஷன் ஆண்டிச்சாமியின் அப்பா இளவட்டத்தில் கண்டிச்சீமைக்குப் பிழைக்கப் போனவர். அவருடைய அண்ணன் ஊரோடு தங்கிவிட்டார். அந்த அண்ணனின் மகன் சங்கையாவுக்கு ஊரில் ஓட்டு வீடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. முன்பின் பார்த்திராத தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும் சங்கையா அந்தப் பெட்டியை ஒருதரம் பார்த்தார். பிறகு, "மாட்டுக்கொட்டத்துக்கு அந்தாண்ட எடம் கெடக்கு. கூரை போட்டுக்கங்க" என்றார். அவர் பெண்டாட்டி மாரிக்கனி அன்று கேப்பைக்கூழ் ஊற்றினாள். ஊற்றும்போதே கேட்டாள்: "புள்ளைக இல்லையாத்தா?"

"இல்லக்கா" என்றாள் கோகிலம்.

மலையில் பிறந்தவளுக்கு அந்த ஊரின் வெட்டவெளி பயமாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை போய் நிற்க ஒன்றும் இல்லை. கரிசல் மண் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கொழுந்து பறித்துப் பழகிய விரல் என்பதால் பருத்தி எடுப்பில் அவளை யாராலும் முந்த முடியவில்லை. அதனால் கூலி வேலைக்குக் குறைவில்லை. ஆனால் காட்டில் மற்றப் பெண்கள் அவளோடு ஒட்டவில்லை. அவள் 'வாங்கோ' என்றால் சிரித்தார்கள். சாயத் தண்ணி என்று பால் ஊற்றாத தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆண்டிச்சாமிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு கொடைக்கானல் கீழ்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுப் போனான். போகும்போது, "எடம் பாத்துட்டு ஒன்னையும் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

எண்பத்துநாலு பொங்கலுக்கு வந்தவன் கையில் ஒரு கறுப்பு பாலிதீன் பை இருந்தது. பைக்குள் முழங்கை உயரத்தில் ஒரு கன்று. இலை நீளமாக, பளபளவென்று இருந்தது.

"என்னய்யா இது?"

"செண்பகம். தோட்டத்துல மரத்தடியில முளைச்சுக் கெடந்துச்சு. பேத்துக் கொண்டாந்தேன்."

"இந்த மண்ணுல வருமா?"

"வச்சுப் பாரு. செத்தாச் செத்துட்டுப் போகுது."

மாரிக்கனி வந்து எட்டிப் பார்த்தாள். "செண்பகமா? அந்த வாசத்துக்குப் பாம்பு வரும்பாகளே" என்றாள். சங்கையா, "ஒரு முருங்கைய வச்சாலும் கொழம்புக்காவது ஆகும்" என்று சொல்லிக்கொண்டே மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து ஆண்டிச்சாமி மலைக்குத் திரும்பிய பிறகுதான் கோகிலம் அந்தக் கன்றை நன்றாகப் பார்த்தாள். பையிலேயே விட்டால் மாசிக்குள் கருகிவிடும் என்று தெரிந்தது. தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்தவள். கன்றுக்கு நிழல் வேண்டும், வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதே சமயம் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பது அவளுக்கு அங்கே பழகிப்போன விஷயம். கரிசல் மண்ணோ நேர்மாறு. மழை பெய்தால் களியாகித் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் வெடித்து வேரை அறுத்துவிடும். இடுப்பளவு குழி தோண்டி, கரிசலை வெளியே அள்ளிக் கொட்டினாள். கூலி வேலை முடிந்து வருகிற வழியில் செம்மண்ணும் ஆற்று மணலும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்தாள். ஆட்டுப்புழுக்கையும் சேர்த்துக் குழியை நிரப்பி, சுற்றுத்தரையைவிட உயரமாக மேடு கட்டி, அதன் உச்சியில் கன்றை வைத்தாள். மேற்கு வெயில் படாமல் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டினாள். வேரைச் சுற்றிக் கடலைத்தோலும் கம்பந்தட்டையும் வைக்கோலுமாக மெத்தைபோல் பரப்பினாள்.

முதலில் அடிபம்புத் தண்ணீர்தான் ஊற்றினாள். அது உப்புத் தண்ணீர். இலை விளிம்பெல்லாம் நெருப்பில் காட்டியதுபோலத் தீய்ந்தது. கன்று தேற வேண்டுமானால் நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் ஊருணியில் மட்டும்தான் இருந்தது. அதுதான் ஊர் முழுவதும் குடிக்கிற தண்ணீர்.

முதல் இரண்டு மூன்று வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் மழை பொய்த்தது. ஊருணி வற்றி, நடுவில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிற நிலைமை வந்தது. வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள். மாரிக்கனிக்கு அப்போது கைக்குழந்தை. இரண்டு பையன்களுக்கு அப்புறம், இனிமேல் இல்லை என்று இருந்தபோது பிறந்த பெண். பெயர் யுவராணி.

ஒருநாள் ஊற்றுக்கரையில் மாரிக்கனி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"பச்சப்புள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணி இல்ல. நீ மரத்துக்கு ஊத்திக்கிட்டு இருக்க. ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"நான் குடிக்கிற தண்ணிய ஊத்தலக்கா."

"பெறகு எப்படிப் பச்சையா நிக்குது அது?"

கோகிலம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது. ஓலைத்தட்டிக்குப் பின்னால், செண்பகத்தின் அடியில் நின்றுதான் அவள் குளித்தாள். தன் பங்குக் குடத்தில் பாதியை எடுத்து, சோப்புப் போடாமல், உடம்பில் ஊற்றிய தண்ணீர் அப்படியே வேருக்குப் போகட்டும் என்று குளித்தாள். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போயிற்று. பருத்திக் காட்டில் அவள் பக்கத்து நிரைக்குப் போக மற்றப் பெண்கள் தயங்கினார்கள். கண்டிக்காரிமேல் வாடை அடிக்கிறது என்றார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அன்று சாயங்காலமும் அங்கே போய் நின்றுதான் குளித்தாள்.

ஏன் அந்த மரத்தை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. புருஷன் நினைப்பு என்று சொல்ல முடியாது. அவன் வருஷம் ஒருமுறை வந்தான், அப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு தடவை வந்தான், பிறகு வரவில்லை. மலைக்கு மிளகு பறிக்கப் போய் வந்த ஒருவர், அவனுக்கு அங்கே ஒரு குடும்பமும் ஆம்பளப்பிள்ளையும் இருப்பதாகச் சொன்னார். கோகிலம் அன்று சோறு வடித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். மறுநாள் தட்டியில் இற்றுப்போன ஓலையை மாற்றிக் கட்டினாள். மாரிக்கனிதான் இரண்டு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, ஆண்டிச்சாமியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனாள். ஊற்றுக்கரைச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு மறுபடி துளிர்த்தது அப்படித்தான்.

மழை திரும்பியது. மரமும் தட்டியைத் தாண்டி, கூரையைத் தாண்டி வளர்ந்தது. பங்குனியில் வேம்பு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். காட்டில் சீமைக்கருவேலத்தைத் தவிரப் பச்சை என்று பேருக்கும் இருக்காது. அப்போதும் செண்பகம் ஓர் இலை குறையாமல் நிற்கும். அந்த நிழலுக்குக் கோழி வந்தது. சங்கையாவின் ஆட்டுக்குட்டிகள் வந்தன. யுவராணி வந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டால் அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் இருப்பு. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலைத்தோல் மெத்தையில் உட்கார்ந்துவிடுவாள். "எங்க வீட்டுல காந்துது சின்னம்மா. இங்கனதான் குளு குளுங்குது" என்பாள். கோகிலத்துக்குப் பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. தலையில் பேன் பார்ப்பாள், எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள், சாயத் தண்ணியில் கருப்பட்டியைப் போட்டுக் கொடுப்பாள். அந்தச் சாயத் தண்ணியை ஊரிலேயே சிரிக்காமல் வாங்கிக் குடித்தது யுவராணிதான். மெத்தைக்கு அடியில் தேரைகள் குடியிருந்தன. மேலே ஒரு குச்சியால் தட்டினால் அவை துள்ளும். யுவராணி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். கோகிலத்துக்கும் அந்தத் தேரைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் காட்டில் தேரைக்கும் ஈரம் கிடைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் மரம் முதன்முதலாகப் பூத்தது. பழுத்த மஞ்சள் நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒல்லியான இதழ்கள். விடிகாலையில் அதன் வாசம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. சங்கையா வேப்பங்குச்சியும் வாயுமாக வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நெசமாவே பூத்துருச்சு பாரேன்" என்றார். கண்டிக்காரி வீட்டுப் பூவைக் கேட்டுப் பெண்கள் வந்தார்கள். கோகிலம் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. மாரிக்கனி கேட்கவில்லை, கோகிலமே கொண்டுபோய் அவள் கொண்டையில் இரண்டைச் செருகினாள். "நமக்கென்னத்தா இந்த வயசுல" என்றாள் மாரிக்கனி. சாயங்காலம் வரைக்கும் எடுக்கவும் இல்லை.

வைகாசியில் இரண்டு நாள் கோடைமழை பெய்தது. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. மழை விட்ட மறுநாள் விடிகிற நேரம், கோகிலம் ஊருணிக்குப் போயிருந்தாள். நான் வந்து கூட்டிப் பெருக்கின பிறகுதான் மரத்தடிக்குப் போகணும் என்று யுவராணியிடம் எப்போதும் சொல்லுவாள். பெய்த மழைக்குப் பூ நிறையக் கொட்டியிருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும். காத்திருக்கவில்லை.

கோகிலம் குடத்தோடு வரும்போது யுவராணி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை மடியில் பூ.

"சின்னம்மா, முள்ளு குத்திருச்சு."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கோகிலம் காலைப் பிடித்துப் பார்த்தாள். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பொட்டு. முள் குத்திய இடம் அப்படி வீங்காது. கடலைத்தோல் மெத்தை ஓர் ஓரத்தில் அசைந்தது. கண்ணாடிவிரியனின் முதுகு, சங்கிலி சங்கிலியாக, வைக்கோலுக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் தெரு எழுந்து வந்தது. சங்கையா துண்டால் காலைக் கட்டினார். முதல் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கரிமூட்டை லோடு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போன லாரி ஒன்று நின்றது. சங்கையாவும் மாரிக்கனியும் பிள்ளையோடு முன்னால் ஏற, கோகிலம் மூட்டைகள்மேல் ஏறிக்கொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். பிள்ளையின் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வண்டி கொடுத்தார்கள். வண்டிக்குள் யுவராணி கண்ணைத் திறந்து, "சின்னம்மா, பூவு அங்கனயே கெடக்கு" என்றாள். "வந்து எடுத்துக்கலாம் தாயி" என்றாள் கோகிலம். காரியாபட்டியைத் தாண்டும்போது மாரிக்கனி பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். வண்டி மதுரைக்குப் போகத் தேவையில்லாமல் போயிற்று.

ஊர் திரும்பியபோது கோகிலத்தின் முகம், கை, சேலை எல்லாம் கரி. அவளை யாரும் குளிக்கச் சொல்லவில்லை. ஆம்பளைகள் அதற்குள் மெத்தையைக் கிளறிப் பாம்பை அடித்து எரித்திருந்தார்கள். பிள்ளையைக் கண்மாய்க்கரையில் புதைத்துவிட்டு வந்தபின், அவள் காதுபட ஊர் பேசியது. செண்பக வாசத்துக்குத்தான் பாம்பு வந்தது. வீட்டில் வைக்கக் கூடாத மரம். பிள்ளை இல்லாதவள் வைத்த மரம் பிள்ளையைத் தின்றுவிட்டது.

வாசத்துக்குப் பாம்பு வராது என்று கோகிலம் நம்பினாள். தோட்டத்தில் எத்தனையோ செண்பகத்தடியில் பிள்ளைகள் விளையாடிப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு சில நாள் வீட்டுக்குள் கிடந்தாள். பிறகு ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மிச்சமிருந்த கடலைத்தோலையும் வைக்கோலையும் வழித்து ஒதுக்கினாள். அடியில் மண் ஈரமாக, கறுத்து, குளிர்ந்து கிடந்தது. சுற்றிலும் பாளம் பாளமாகக் காய்ந்த காட்டில் அந்த ஓர் இடம் மட்டும் ஈரம். தேரைகள் குப்பல் குப்பலாகத் துள்ளி ஓடின. தேரையைத் தேடிப் பாம்பு வந்திருக்கிறது. அந்த ஈரத்தை அங்கே உண்டாக்கியவள் அவள். தன் வாய்க்குக் காட்டாத தண்ணீரை ஊற்றி, வருஷக்கணக்காக, கையால் பரப்பிப் பரப்பி உண்டாக்கினாள். ஊர் சொன்ன காரணம் பொய். ஆனால் ஊர் சொன்னது பொய்யில்லை. கோகிலம் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாரிக்கனி வீட்டின் பின்வாசல் அந்த மரத்தைப் பார்த்துத்தான் இருந்தது. பிள்ளை போனதிலிருந்து அந்தக் கதவு திறந்தபடியே கிடந்தது. நிலையில் சாய்ந்தபடி மாரிக்கனி மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மரம் அந்த மாதமெல்லாம் ஓயாமல் பூத்தது. பூக்களை யாரும் தொடவில்லை. அவை உதிர்ந்து, பழுப்பேறி, அங்கேயே அழுகின. அந்தப் பார்வையைக் கோகிலத்தால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் சங்கையாவிடம் போய் நின்றாள். "கோடாலி வேணும் மச்சான்."

சங்கையா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆள் விட்டு வெட்டுவமா?"

"வேணாம். நானே வெட்டுறேன்."

உச்சிப்பொழுது வரைக்கும் வெட்டினாள். கையில் கொப்புளம் கட்டி உடைந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்றோ சரி என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. மரம் கூரையில் விழாமல் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தது. இலையை ஆடுகள் தின்றன. அடிமரத்தை விறகுக்குக்கூட ஒருத்தரும் எடுக்கவில்லை. அவளே துண்டு போட்டு ஓடைப் பக்கம் கொண்டுபோய் எரித்தாள்.

மரம் வெட்டும்போது மாரிக்கனி பின்வாசலில் இருந்தாள். மரம் விழுந்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோகிலம் அதை ஓர் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

அடிக்கட்டை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் துளிர் விட்டது. கோகிலம் ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டாள். மறுபடி வந்தது, மறுபடி ஒடித்தாள். மழைக்காலம் போய், பனிக்காலம் போய், அடுத்த கோடை வரைக்கும் இது நடந்தது. மாரிக்கனி அவளோடு பேசவே இல்லை. எதிரில் வந்தால் ஒதுங்கிப் போனாள்.

யுவராணி போய் ஒரு வருஷம் முடிந்து, படையல் போட்ட மறுநாள் மாரிக்கனி தானாகவே மாட்டுக்கொட்டத்தைத் தாண்டி வந்தாள். கோகிலம் அப்போது கட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒரு துளிரை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெட்டச் சொன்னேனா?" என்றாள் மாரிக்கனி.

கோகிலத்துக்குப் புரியவில்லை. "என்னக்கா?"

"மரத்த. நான் ஒன்னய வெட்டச் சொன்னேனா? ஊரு சொன்னுச்சு. எங்க வீட்டு ஆளும் மனசுக்குள்ள சொல்லியிருக்கும். நான் சொன்னேனா?"

"இல்லக்கா. நீங்க அதையே பாத்துக்கிட்டு இருந்தீக. எனக்குத் தாங்கல."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." மாரிக்கனியின் குரல் ஏறவில்லை. "எம்புள்ளைய ஒரு போட்டோப் புடிச்சதில்ல. போட்ட சட்டையெல்லாம் அவளோட சேத்துப் பொதைச்சாச்சு. இந்த மரத்தப் பாத்தா, அவ அதுக்குக் கீழ குனிஞ்சு பூப் பொறுக்குறாப்புல இருக்கும். அந்த ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. அதையும் வெட்டிப்புட்ட."

கோகிலத்தின் கையில் ஒடித்த துளிர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றாள். மாரிக்கனி அதை வாங்கிப் பார்த்தாள். "இனிமே ஒடிக்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் ஒடிக்கவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் துளிரும் வரவில்லை. கட்டை தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டது போலிருந்தது. அந்தக் கோடை முழுக்க இருவரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். காலையில் ஒருத்தி ஊற்றினால் சாயங்காலம் இன்னொருத்தி ஊற்றினாள். ஆடி மாதம் பட்டை கழன்று வந்தது. உள்ளே கறையான் புற்று வைத்திருந்தது.

மரம் இருந்த இடம் வெறும் மேடாகிப்போன பிறகு கோகிலத்துக்கு அந்த ஊரில் கால் தரிக்கவில்லை. பருத்தி எடுப்பும் குறைந்துகொண்டே வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதிச் சமையல்கட்டில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே ஒரு மூலையில் படுக்கை. காய் நறுக்குவது, மாவாட்டுவது, பிள்ளைகளுக்குப் பரிமாறுவது அவள் வேலை. பரிமாறும்போது எந்தப் பிள்ளையின் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். தட்டை மட்டும் பார்த்துப் போடுவாள். கண்டிக்காரி என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை. அக்கா என்றார்கள். ஊருக்கு வரச்சொல்லி யாராவது சொல்லியனுப்பினால், வாரேன் என்பாள். போகமாட்டாள்.

தொண்ணூற்றேழில் சங்கையாவின் மூத்த மகன் காளிராஜுக்குக் கல்யாணம். மாரிக்கனி தானே விடுதிக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். அதனால் போக வேண்டியதாயிற்று. பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டியதைப் பார்த்து, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். பின்கட்டுப் பக்கம் போகவில்லை. எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தம் வரைக்கும் மாரிக்கனி கூடவே நடந்து வந்தாள். கல்யாண வீட்டுக்காரி பந்தலை விட்டுவிட்டு இப்படி வந்துவிட்டாளே என்று வழியில் இருவர் கேட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

வேலிக்கருவேல நிழலில் நின்றார்கள்.

"சாம்பாருல உப்புக் கூடிப்போச்சுல்ல?" என்றாள் மாரிக்கனி.

"லேசாக் கூட. சாப்புடலாம்க்கா, ஒண்ணும் தெரியல."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கொஞ்சம் பயந்தாப்புல இருக்கா."

"பழகிருவா." மாரிக்கனி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி தங்கிட்டுப் போகலாம்ல?"

"காலையில அம்புட்டுப் பேருக்கும் இட்லிக்கு நான்தான் ஊத்தணும்க்கா."

பஸ் வந்து நின்றது. கோகிலம் ஏறி உள்ளே நுழைந்து, இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாரிக்கனி ஜன்னல் பக்கம் வந்து, மடியில் முடிந்து வைத்திருந்த நாலு லட்டைக் காகிதத்தோடு உள்ளே நீட்டினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதை வாங்கிக் கோகிலத்திடம் கொடுத்தாள்.